மீன் குழம்புக்குப் பாராட்டு, கடைக்கு ஒரு ஸ்டார்

சாப்பாட்டுக் கடையில் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, சாம்பார் வாளியை எந்தக் கையில் பிடிப்பது, மத்தியானக் கூட்டத்தில் எந்த மேஜைக்கு முதலில் சோறு போவது என்பதையெல்லாம் நான் சொல்லித் தரப் போவதில்லை. கொஞ்ச நாள் நின்றால் உங்கள் கால்களே கற்றுக்கொள்ளும். ஓய்வு பெற்றவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சாப்பிட்டவர் தன் மனதில் இருப்பதை உள்ளபடி சொல்லிவிட்டால் நாம் என்ன செய்வது என்பது பற்றி.

போனில் வருகிற ஸ்டார்களைப் பார்த்து நீங்கள் பதறுவதை நானும் பார்க்கிறேன். அதில் முக்கால்வாசி குப்பை. நாங்கள் கடையை மூடியிருந்த நாளில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு இரண்டு ஸ்டார் போட்ட மகான் ஒருவர் உண்டு. ஏசி காற்று தலைக்கு நேராக அடிக்கிறது என்று எழுதினார் ஒருவர். எங்கள் கடையில் ஏசியே கிடையாது. இவர்களையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

உள்ளபடி சொல்கிறவர்கள் வேறு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள் முகதாட்சண்யம் பார்ப்பவர்கள். கல்லாவில் நிற்கும்போது கேட்டால் "நல்லாருந்துச்சுங்க" என்பார்கள். எதிரில் இருக்கிற பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கும்போது "புளிக்குழம்பா அது, பல்லு கூசுது" என்பார்கள். அதனால் மத்தியானக் கூட்டம் குறைந்ததும் நான் அந்தப் பெட்டிக்கடையில் போய் நின்றுவிடுவேன். கடைக்காரர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அன்றைக்குக் கேட்டதையெல்லாம் ஒப்பிப்பார். எனக்குக் கோபம் வரும். கோபத்தோடே திரும்பிப் போய்ச் சமையற்கட்டில் புளியைக் குறைக்கச் சொல்வேன். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அந்த மாதிரி உள்ளபடியான வார்த்தை ஒன்று ஒருநாள் காலையில் போனிலேயே வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் முதலாளி பாய் வளைகுடாவில் பல காலம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் கடையைத் தொடங்கியவர். மேஜையில் வாழை இலை போட்டு மீன் குழம்புச் சாப்பாடு. அவருடைய மகன், சின்ன முதலாளி, போனையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வார். அன்று காலையில் சின்ன முதலாளிதான் வெளிறிய முகத்தோடு வந்து போனை என் முன்னால் நீட்டினார். ஒரு ஸ்டார். கீழே இப்படி எழுதியிருந்தது:

"மீன் குழம்பு எங்கள் வீட்டு ருசி. கூட்டுக்கும் குறை இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் என் அப்பா தன் இலையையும் என் இலையையும் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பக்கத்து மேஜைகளில் யாரும் எடுக்கவில்லை, அங்கே ஆள் வந்து எடுத்தார். சப்ளையர் பார்த்துக்கொண்டே நின்றார், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பா சின்ன வயதில் எங்கெங்கே, எப்படியெல்லாம் சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். அது முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன்."

திட்டு ஒன்றுகூட இல்லை. குழம்புக்கு உரிய நல்ல வார்த்தையைக்கூட மறக்காமல் கொடுத்துவிட்டு அடித்திருந்தார். எழுதியவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று அதிலேயே தெரிந்தது. கீழே அதற்குள் வரிசையாகக் கருத்துகள். இந்தக் கடையிலா இப்படி, இனி அந்தப் பக்கம் போக மாட்டோம், இன்னும் எவ்வளவோ.

பாய் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலைப் பலகாரத்தை அப்படியே நகர்த்தி வைத்தார்.

"நம்ம கடையிலயா மேனேஜரே?" என்றார்.

சின்ன முதலாளிக்கு வாலிப ரத்தம். "ரிப்போர்ட் அடிச்சுத் தூக்கிடலாம் அத்தா. என் ஃபிரண்ட்ஸ் எல்லாரையும் அஞ்சு ஸ்டார் போடச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள இது கீழ போயிடும்."

"கீழ போனா நடக்காததா ஆயிடுமா?" என்றேன். "முதல்ல என்ன நடந்துச்சுன்னு கேப்போம்."

அந்த மேஜையைப் பார்த்துக்கொண்ட சப்ளையர் ரமேஷைக் கூப்பிட்டேன். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் நிதானமாகச் சொன்னான்.

"அந்தப் பூதலூர்ப் பெரியவருங்களா? அவரு எப்பவும் அவரேதாங்க எடுப்பாரு. புதன்கிழமை புதன்கிழமை முழங்காலுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு இங்கதான் சாப்பிடுவாரு. ஆரம்பத்துல நான் எவ்வளவோ தடுத்துப் பாத்தேன். 'இருக்கட்டும் தம்பி'ன்னுட்டுப் போயிடுவாரு. அதான் விட்டுட்டேன். நேத்துதான் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு."

சின்ன முதலாளிக்கு உயிர் வந்தது. "அப்பறம் என்ன? அதையே பதிலா போட்டுடலாம். யாரும் எடுக்கச் சொல்லல, உங்க அப்பா எப்பவுமே இப்படித்தான், சாட்சி இருக்குன்னு."

பிள்ளைகளே, நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் தட்டியிருப்பீர்கள். அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பதிலை அந்தப் பெண்ணாக இருந்து ஒரு தரம் படித்துப் பாருங்கள். 'உங்கள் அப்பாவுக்குப் பழைய பழக்கம் போகவில்லை, நாங்கள் என்ன செய்ய' என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற மாதிரி இருக்கும். உண்மையான பதிலெல்லாம் சரியான பதில் ஆகிவிடாது. நான் முடியாது என்றேன். சின்ன முதலாளி என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் யூடியூப் சேனல் நடத்துகிற ஒரு பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இந்தக் கடையில் சாதி பார்த்து இலை எடுக்க வைக்கிறார்களா என்று எங்கள் வாயாலேயே சொல்லவேண்டுமாம். நாளைக்கு வாருங்கள், கண்டிப்பாகப் பேசுகிறேன் என்று அனுப்பி வைத்தேன். நாளைக்கு என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ரமேஷ் போகிற போக்கில் இன்னொன்று சொன்னான். "ஒரே ஒரு தரம் இலையை வச்சிட்டுப் போனாருங்க. அன்னிக்குக் கோவிந்தம்மா லீவு."

கோவிந்தம்மாள் எங்கள் கடையில் இலை எடுக்கிறவர். கணவர் இல்லை. காலையில் வந்தால் தலை நிமிராமல் வேலை பார்த்துவிட்டுப் போய்விடுவார். ரமேஷ் சொன்னது எனக்கு உறைத்தது. பாத்திரம் கழுவுகிற பின்கட்டுக்குப் போய், "அந்தப் பூதலூர்ப் பக்கத்துப் பெரியவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

"அவரு என் சம்பந்திங்க. எம் பொண்ணை அவரு மவனுக்குத்தான் குடுத்திருக்கேன்."

விஷயம் இதுதான். மகள் பட்டப்படிப்பு படித்தவள். வரன் பேச வந்தபோது, தான் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதாகக் கோவிந்தம்மாள் சொல்லியிருக்கிறார். எச்சில் இலை எடுக்கிறவள் என்றால் பெண்ணை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிறகு ஒரு புதன்கிழமை, வாளியோடு ஒரு மேஜைக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி.

"அவரு என்னைப் பாத்தாரு. ஒண்ணுமே கேக்கல. இலையை மடிச்சு அவரே எடுத்துட்டுப் போயி போட்டுட்டு, கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேருந்து அப்படித்தான். ஒரு வார்த்தை பேசுனதில்ல. நேத்து அவரு பொண்ணோட வந்ததும் நான் உள்ள ஓடிட்டேன். ரமேஷு பக்கத்து மேஜைக்கு வேற ஆளை அனுப்புனாரு. நான் வந்துடுவேனோன்னு பயந்துதான் அவரு அந்தப் பொண்ணு இலையையும் சேத்து அள்ளிட்டாரு போலருக்கு."

சம்பந்தி வீட்டு மரியாதை உங்களுக்கும் தெரியும். பெண் கொடுத்த வீட்டு அம்மா, சம்பந்தியம்மா, அவர் தன் எச்சில் இலையைத் தொடுவதை எந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருப்பான்? அவர் செய்தது மரியாதை. மகளுக்குத் தெரிந்தது அவமானம். ஊருக்குத் தெரிந்தது எங்கள் கடையின் சாதித் திமிர். மூன்றும் ஒரே இலைதான்.

"நான் இன்னையோட நின்னுக்கிறேங்க," என்றார் கோவிந்தம்மாள். "கடைக்குக் கெட்ட பேரு வேணாம். ஆனா நான்தான் காரணம்னு மட்டும் எழுதிடாதீங்க. எம் பொண்ணு அந்த வீட்டுல தலைநிமிந்து இருக்கணும்."

அவரிடம் கேட்டுக்கொண்டு பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கடை தப்பிக்கும், அந்தம்மா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் நாளைக்குக் கேமரா வரும். பாய் யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்.

"அந்தம்மா பேரு வெளியில வரக்கூடாது. வேலையும் போகக்கூடாது. கடைக்குக் கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போவட்டும், மீன் குழம்பு இருக்கு, பாத்துக்கலாம்," என்றார். "ஆனா அந்தப் பெரியவரு கால்ல விழுந்தாவது அவரு பொண்ணு மனசை ஆத்திட்டு வாங்க. அந்தப் புள்ள நம்ம கடையில சாப்ட்டுட்டு அழுதுட்டுப் போயிருக்கு."

அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். எனக்குக் கடைதான் முதலில் ஞாபகம் வந்தது. அவருக்கு அழுத பெண்.

போனில் பேசினால் வீட்டில் வேறு யாராவது எடுத்துவிடக்கூடும் என்று நேரிலேயே போனேன். பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. பெரியவர் வீட்டில் இல்லை, நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார் என்றார்கள். குறுவை அறுப்பு முடிந்து சாலை ஓரமெல்லாம் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. அவர் தன் நெல்லுக்குள் இறங்கிக் காலாலேயே கிளறிக்கொண்டு நடந்தார். முழங்கால் வலி நடையில் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "மேனேஜருங்களா? வாங்க வாங்க. என்ன இவ்வளவு தூரம்?" என்று தார்ப்பாயில் உட்காரச் சொன்னார்.

மகள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. முகம் சுருங்கிப் போயிற்று.

"எம் பொண்ணா எழுதுனா? அதான் வழியெல்லாம் பேசாம வந்தா," என்றார். "அந்தக் காலத்துல எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். இப்ப நானா எடுக்குறேன். ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"சம்பந்தியம்மா விஷயம் எனக்குத் தெரியும். அவங்களே சொன்னாங்க," என்றேன். "கடையை மாத்திக்கிட்டா உங்களுக்கு இந்தச் சங்கடமே இருந்திருக்காதே?"

"மாத்திட்டா அந்தம்மா என்ன நெனப்பாங்க? இந்த வேலையைப் பாத்ததும் சம்பந்தி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாருன்னுதான் நெனப்பாங்க. அதான் வாராவாரம் வந்தேன்," என்றார்.

அப்போது ஸ்கூட்டரில் சாப்பாட்டு அடுக்கோடு மகள் வந்து இறங்கினார். சென்னையில் வேலை பார்க்கிறவர், விடுமுறையில் வந்திருக்கிறார். நான் யார் என்று தெரிந்ததும் புருவம் ஏறியது.

"டெலிட் பண்ணச் சொல்லிக் கேக்க வந்தீங்களா சார்? பண்ண மாட்டேன். நான் பாத்ததைத்தான் எழுதுனேன்."

"நீங்க பாத்தது நெசம்தாம்மா. அதை எடுங்கன்னு கேக்க நான் வரல," என்றேன்.

பெரியவர்தான் குறுக்கே பேசினார். "உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதை அண்ணிகிட்டப் போய்க் கேக்கக் கூடாது."

சொன்னார். சுற்றி வளைக்காமல், மகள் முகத்தைப் பார்க்காமல், நெல்லைக் கையால் அளைந்துகொண்டே சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண் இப்போது ஒரு வார்த்தை இளக்காரமாகச் சொன்னாலும் போச்சு, அங்கே ஒரு மருமகளின் நிம்மதி போச்சு.

அந்தப் பெண் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

"அப்பா, அத்தை ஹோட்டல்ல இலை எடுக்குறாங்கன்னு அண்ணி கல்யாணத்துக்கு முன்னாடியே எங்ககிட்ட சொல்லிட்டாங்க. அண்ணனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. நீங்க வருத்தப்படுவீங்களாம். எந்த ஹோட்டல்னுதான் நான் கேட்டுக்கல."

ஒரு வீடு முழுக்க ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தார்ப்பாயில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? என்னை அறியாமல் நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் அடுக்கைத் திறந்து எனக்கும் சோறு போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு பசி.

அந்தப் பெண் தான் எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் கடைக்காரன் சரிக்கட்டிவிட்டான் என்பார்கள் என்று அவரே சொன்னார். கீழே சேர்த்து எழுதினார்: "அப்பாவிடம் கேட்டேன். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை. தன் மனதுக்குச் சரி என்று பட்டதை அவர் செய்திருக்கிறார். அது எங்கள் குடும்பத்து விஷயம், நல்ல விஷயம். கடையைக் குறித்துச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்." ஒரு ஸ்டார் நான்காக ஆயிற்று. ஐந்தாவதை ஏன் போடவில்லை என்று சின்ன முதலாளி பிறகு என்னிடம் குறைப்பட்டார். ரசத்தில் உப்பு தூக்கல் என்று கடைசி வரியில் இருந்ததை அவர் படிக்கவில்லை போலும். எனக்கு அந்த நான்கு ஸ்டார்தான் பிடித்தது. ஐந்து போட்டிருந்தால் இரக்கப்பட்டுப் போட்டார் என்று நினைத்திருப்பேன்.

மறுநாள் கேமராவோடு வந்த பையன் அதைப் படித்துவிட்டுச் சப்பென்று ஆகிப்போனான். உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். மீன் குழம்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உள்ளபடி எழுதுகிறவர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறார். அதற்குப் பின்னால் இருப்பது அவருக்கும் தெரியாது, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியாது. அதனால் நம் கடையைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் தட்டுவதற்கு முன்னால், அந்தப் பதில் யார் தலையில் போய் விழும் என்று பாருங்கள். அன்றைக்கு நாங்கள் சாயங்காலம்வரை ஒன்றுமே எழுதாமல் இருந்தோமே, அந்தச் சும்மா இருந்ததுதான் என் பணிக்காலத்திலேயே நான் பார்த்த கஷ்டமான வேலை. இந்தக் கதையை உங்களிடம் சொல்லலாமா என்று கோவிந்தம்மாளிடமே கேட்டேன். "சொல்லுங்க, அழுகாச்சியா மட்டும் சொல்லாதீங்க," என்றார்.

அடுத்த புதன்கிழமை பெரியவர் வந்தார். கூடவே மகளும் மருமகளும். மருமகள் கண்கள் கடை முழுக்க அம்மாவைத் தேடின. கோவிந்தம்மாள் பின்கட்டை விட்டு வர மாட்டேன் என்று நின்றார். பாய் போய், "உங்க வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க, வாங்கன்னு சொல்ல வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"வாங்க சம்பந்தி. வாம்மா, எப்ப வந்தே?" என்றார். மருமகள் எழுந்து தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்ட நேரம், ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. கோவிந்தம்மாள் வேறு மேஜைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள். பெரியவர் இலையை மடித்தார். வழக்கம்போல அடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் போனார். அதற்குள் கோவிந்தம்மாள் வாளியோடு வந்து நின்றுவிட்டார்.

"வைங்க சம்பந்தி. அது என் வேலை."

"இல்லம்மா, நீங்க போயி..."

"நெல்லு கிளறுறது உங்க வேலை. இது என் வேலை. சம்பளம் வாங்குறேன்ல? வைங்க."

பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இலையின் அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். கோவிந்தம்மாள் மூன்று இலைகளையும் வாளியில் போட்டு, மேஜையைத் துடைத்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போனார்.